அழித்ததற்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரசிகர்கள் எழுதும் கதைகளைப் பற்றி, அதாவது ஃபேன் ஃபிக்ஷன் பற்றி, உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஒரு நாவலையோ தொடரையோ மனசார நேசித்தவர்கள், அதே கதைமாந்தர்களை வைத்துத் தாங்களே எழுதிப் பகிரும் கதைகளை மட்டம் தட்டாமல், படித்துப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் நடுவில், இந்தத் தளங்களில் ஏற்றிய கதைக்கு அழிவே இல்லை, இவைதான் நம் காலத்தின் ஆவணக் காப்பகங்கள் என்கிற பொருளில் ஒரு பத்தி வருகிறது. அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே வருகிறது.

நான் 27 வருடம் நூலகத்தில் வேலை பார்த்தேன். கடைசி 11 வருடம் பழைய ஆவணப் பிரிவு. ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பிருந்தே ரசிகர் கதைகளும் படித்து வருகிறேன், இப்போது 14 வருடம் ஆகிறது. இரண்டு பக்கமும் பழகியிருப்பதால் அந்தப் பத்தியைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு துப்பறியும் தொடரில் தட்டச்சு செய்யும் பெண் ஒருத்தி வருவாள். மொத்தமே இரண்டு காட்சி. அவளை எடுத்துக்கொண்டு, புனைபெயரில் எழுதும் ஒருவர் 38 அத்தியாயம் எழுதினார். வியாழக்கிழமை வந்தால் ஒரு அத்தியாயம். 22ஆம் அத்தியாயத்தில் அந்தப் பெண் இயந்திரத்தின் ரிப்பனை மாற்றுகிற காட்சி. அதைப் படித்துவிட்டு, தட்டச்சு வேலையிலேயே காலம் கழித்த ஒரு வாசகர் பின்னூட்டம் எழுதினார். ஒன்றில்லை, எட்டு. ரிப்பன் மாற்றினால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மை ஏறும், அது இரண்டு நாளைக்குப் போகாது. வரியின் ஓரத்துக்குச் சில எழுத்து முன்னால் ஒரு மணி அடிக்கும். பழகியவர்கள் தாளைப் பார்ப்பதில்லை, அந்த மணியைத்தான் கேட்பார்கள் என்று எழுதியிருந்தார். எழுதியவர் அடுத்த வாரமே அந்த அத்தியாயத்தைத் திருத்திப் போட்டார். திருத்திய பிறகு கதை முழுக்க அந்த மணிச் சத்தம் வர ஆரம்பித்தது. அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்துகிற இடங்களில் எல்லாம் அது ஒலிக்கும். ஒரு கதை என் கண்முன்னால் வளர்ந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு நாள் அந்தத் தளத்தில் நான் குறித்து வைத்த கதைகளின் பட்டியலைத் திறந்தால், அந்தத் தலைப்பு இருந்த இடத்தில் ‘இது நீக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி. தலைப்பு இல்லை, பெயர் இல்லை. எந்தக் கதை போயிற்று என்பதே மற்றவற்றை எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கதையை எழுதியவரே எடுத்துவிட்டார். தளத்தின் பெயர் வேண்டாம், அதன்மேல் தப்பும் இல்லை. என் கணினியில் 31 அத்தியாயம் வரை இறக்கி வைத்த கோப்பு ஒன்று கிடக்கிறது. மீதி ஏழு இல்லை. அந்த எட்டுப் பின்னூட்டம் இல்லை. 22ஆம் அத்தியாயத்தின் முதல் வடிவம் இல்லை. என்னிடம் இருப்பதைப் படிக்கிற எவருக்கும், அந்த மணி முதலில் கதையில் இல்லை, ஒரு வாசகர் கொடுத்தது என்று தெரிய வழியே இல்லை.

எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். புது வேலையாக இருக்கலாம், வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கலாம், பழைய காயமாக இருக்கலாம். அவர் எழுதியது, அவர் எடுத்தார். என் வருத்தம் அவர் எடுத்ததில் இல்லை, எடுத்த பிறகு எதுவுமே மிஞ்சாததில்.

எங்கள் பிரிவில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது, எத்தனை பக்கம். நைந்து போய்விட்டது, இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒன்றைக் கழிக்கும்போது அந்த வரியை அழிக்க மாட்டோம். அழிக்கக் கூடாது என்பதுதான் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். சிவப்பு மையில், எழுத்து தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் தேதி, காரணம், ஆணை எண், அதிகாரியின் கையெழுத்து. இருபது வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டால், ‘இருந்தது, இந்தத் தேதியில், பூச்சி அரித்ததால் கழிக்கப்பட்டது’ என்று சொல்ல முடிந்தது. அப்படிச் சொல்லி நானே சிலரை அனுப்பியிருக்கிறேன். வெறுங்கையோடுதான் போனார்கள், ஆனால் இனி எங்கும் தேட வேண்டாம் என்று தெரிந்துகொண்டு போனார்கள். தளங்களில் நீக்கிய கதையின் முகவரிக்குப் போனால் ‘404, அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று வருகிறது. இருந்ததா, இல்லவே இல்லையா, முகவரியைத் தப்பாக அடித்தோமா, எதுவும் தெரியாது. அந்த 404ஐப் பார்க்கும்போதெல்லாம், பதிவேட்டில் ஒரு தாளையே கிழித்துப் போட்டது மாதிரி இருக்கிறது எனக்கு.

கட்டுரையாளர் சொன்ன அழிவில்லாமைக்கு வருகிறேன். இந்த உலகத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் அழிவுதான் வரிசையாக வருகிறது. ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் என்கிற கதைத் தளம் 1998இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. ஆனால் 2002இல் பெரியவர்களுக்கான பிரிவையே விலக்கியபோது அதிலிருந்த கதைகள் போயின. 2007 மே மாதம் லைவ்ஜர்னல் என்கிற வலைப்பதிவுத் தளம் ஏறக்குறைய 500 கணக்குகளை ஒரே மூச்சில் முடக்கியது. பெயர்களின் குறுக்கே கோடு விழுந்ததால் அதை ரசிகர்கள் இன்றும் ‘ஸ்ட்ரைக்த்ரூ’ என்றே சொல்கிறார்கள். பிறகு பல கணக்குகள் திரும்ப வந்தன, நம்பிக்கைதான் வரவில்லை. ரசிகர்கள் சொந்தமாகப் பக்கம் கட்டிக் கதை போட்டு வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர் 26ஆம் தேதி யாஹூ மூடியது. அதே யாஹூ, தன் மின்னஞ்சல் குழுக்களில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த பழைய செய்திகளையும் கோப்புகளையும் அழிக்கப்போவதாக 2019இல் அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுக்கள் மொத்தமாக மூடப்பட்டன. இந்த இரண்டு தடவையும் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடிந்ததை அள்ளி வைத்தவர்கள் ஆர்க்கைவ் டீம் என்கிற தன்னார்வலர்களும் ரசிகர்களும்தான். இடத்தின் சொந்தக்காரருக்கு அது கடை, லாபம் நின்றால் பூட்டலாம். வாசகருக்கு அது நினைவு.

நமக்கென்று சொந்தமாக ஒரு இடம் வேண்டும் என்று அதே 2007இல் ரசிகர்கள் பேசத் தொடங்கியதில் பிறந்ததுதான் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்கிற கதைத் தளம். ரசிகர்கள் சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் ஒர்க்ஸ் என்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துகிறது. 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, வேலை செய்வது தன்னார்வலர்கள். இன்று ஒரு கோடிக்கும் மேலான படைப்புகள் இருக்கின்றன. 2019இல் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருதும் வாங்கியது. கட்டுரையாளர் மனதில் இருந்ததும் இந்தத் தளமாகத்தான் இருக்க வேண்டும். இதைப் பற்றி நான் அவசரப்பட்டு ஒன்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் என் தொழில்காரர்கள் செய்கிற வேலையில் பாதியை இவர்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள்.

எழுதுகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போடுகிற டேக்குகளை, அதாவது கதையைத் தேடி எடுக்க உதவும் குறிச்சொற்களைப் பாருங்கள். ஒரே கதைமாந்தரின் பெயரை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். அந்த ஐந்தும் ஒன்றுதான் என்று உள்ளே முடிச்சுப் போட்டு, எதைத் தேடினாலும் எல்லாம் வந்து நிற்கும்படி செய்வதற்கென்றே தனியாகத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எழுதியவர் போட்ட சொல்லை அவர்கள் தொடுவதில்லை. நூற்பட்டி தயாரித்த எனக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அப்புறம் ஓப்பன் டோர்ஸ் என்று ஒரு பிரிவு. மூடும் நிலைக்கு வந்த கதைத் தளங்களை அப்படியே தங்களிடம் கொண்டு வருகிறார்கள். ஃபிக்ஷன் அலி, ஸ்மால்வில் ஸ்லாஷ் ஆர்க்கைவ் எல்லாம் அப்படித்தான் வந்தன. எழுதியவர்களுக்குத் தகவல் அனுப்பி, வந்த கதைகளைப் பழைய தளத்தின் பெயரிலேயே ஒரு தொகுப்பாக வைக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பதைத் தொலைக்காமல் இருப்பதுதான் ஆவணத் தொழிலின் உயிர். அச்சான ரசிகர் இதழ்களுக்காக அயோவா பல்கலைக்கழக நூலகத்தோடும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தனக்குப் பிறகு தன் கணக்கை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவரை முன்கூட்டியே நியமித்து வைக்கவும் வழி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு புனைபெயருக்கு வாரிசு உண்டு என்று நினைத்துப் பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கதை வேண்டாம், ஆனால் அழிக்கவும் மனசில்லை என்றால் அதை ‘அநாதை’ ஆக்கலாம். எழுதியவரின் பெயர் கழன்றுவிடும், கதை அங்கேயே பொதுவான ஒரு கணக்கின் கீழ் நிற்கும், பின்னூட்டங்களும் நிற்கும். திரும்பச் சேர்க்க முடியாது. அந்தச் சொல்தான் கொஞ்சம் வலிக்கிறது, ஏற்பாடு அருமையானது.

சரி, இவ்வளவு செய்தும் ஏன் இதைக் காப்பகம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறேன்? கதை கிடைக்கிறது என்பதும் கதை பாதுகாக்கப்படுகிறது என்பதும் ஒன்றல்ல. எழுதியவர் திருத்தினால் பழையதன் மேல் புதியது உட்காருகிறது, வாசகருக்கு முந்தைய வடிவம் கிடைக்காது. கதைக்குள் போட்ட படங்கள் வேறு எங்கோ ஒரு தளத்தில் இருப்பவை. 2017இல் ஃபோட்டோபக்கெட் என்கிற படத் தளம் வெளித்தளங்களுக்குப் படம் காட்டுவதைக் கட்டணமாக்கியபோது இணையம் முழுக்கப் படங்கள் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்ததே, அந்த ஆபத்து இங்கேயும் உண்டு. கதையை ஈபப், பிடிஎஃப் என்று ஐந்து விதமாக இறக்கிக்கொள்ளலாம். முன்குறிப்பும் டேக்கும் தேதியும் கூடவே வரும், பின்னூட்டம் வராது. கதையை நீக்கினால் அதன் கீழே வாசகர்கள் எழுதிய அத்தனையும் சேர்ந்தே போகும். ரசிகர் கதையில் பாதி உயிர் அந்தப் பின்னூட்டத்தில் இருக்கிறது. வாராவாரம் எழுதுகிறவரும் வாராவாரம் படிக்கிறவரும் சேர்ந்து வளர்ப்பது அது. ஒரு கடிதப் போக்குவரத்தில் ஒருவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர் எழுதியதைத் தூக்கிப் போடுகிற ஆவணக்காரர் யாரும் இல்லை.

2023 ஜூலையில் ஏஓ3 மேல் இணையத் தாக்குதல் நடந்து ஒரு நாளுக்கும் மேல் தளம் திறக்கவில்லை. கதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நாள் நான் தவித்த தவிப்பில் ஒன்று புரிந்தது. நகல் எடுத்து வைப்பது, நேற்று இருந்ததை இன்று திருப்பித் தருவதற்கு. காப்பகம் என்பது 50 வருடம் கழித்து, அந்த மென்பொருளும் இல்லாமல், நடத்தியவரும் இல்லாமல் போன காலத்தில் வந்து கேட்பவருக்குப் படிக்கத் தருவதற்கு. அதற்கென்று முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு, அவ்வப்போது மறுபடி கணக்கிட்டு, ஒரு எழுத்தும் மாறவில்லை என்று பார்ப்பார்கள். கோப்பின் வடிவம் பழசாகும்போது புதுசுக்கு மாற்றி, மாற்றியதையும் எழுதி வைப்பார்கள். ஒரே இடத்தில் வைக்காமல், ஒருவரை ஒருவர் சாராத பல நூலகங்களில் பிரதி வைப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தின் அடிப்படையே இதுதான். பிரதி பல இருந்தால் பொருள் பிழைக்கும். தளத்தின் பெயரில் ஆர்க்கைவ் என்று இருப்பதாலேயே இந்த வேலை நடந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். அழிக்கிற உரிமையைப் பறித்தால் யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள் என்பார்கள். முழுக்க உண்மை. பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும், வீட்டில் அடி விழும் என்கிற பயத்தோடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ‘நீக்கு’ பொத்தான்தான் பாதுகாப்பு. அதை யாரும் தொடக் கூடாது. வாசகர்களான நாம் இறக்கி வைத்த கோப்பை, எழுதியவர் எடுத்த பிறகு இஷ்டத்துக்கு ஊர் முழுக்க அனுப்புவதும் சரியில்லை. அதைச் சேவை என்று நினைத்துச் செய்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

ஆனால் அழிப்பது, வைப்பது என்று இரண்டே வழி என்பது ஆவணத் தொழிலில் என்றைக்கும் இருந்ததில்லை. சொந்தக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஒப்படைக்கிறவர்கள், ‘என் காலத்துக்குப் பிறகு திறக்கலாம்’, ‘50 வருடம் யாரும் பார்க்கக் கூடாது’ என்று எழுதிக் கொடுப்பது உண்டு. கட்டி, முத்திரை போட்டு, பதிவேட்டில் ‘மூடியது’ என்று குறித்து உள்ளே வைப்போம். நானே அப்படிக் கட்டிய பொட்டலங்கள் உண்டு. உள்ளே என்ன என்று பார்த்ததில்லை, பார்க்கத் தோன்றியதும் இல்லை. தளங்களில் ‘நீக்கு’வுக்கும் ‘அநாதையாக்கு’வுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ‘மூடி வை’ ஏன் இருக்கக் கூடாது? எத்தனை வருடம் என்பதை எழுதியவரே சொல்லட்டும். அதுவரை யார் தேடினாலும் கதை வராது. அதுவும் வேண்டாம் என்றால் முழுக்கவே நீக்கட்டும். அப்போதுகூட அந்த முகவரியில், இங்கே ஒரு கதை இருந்தது, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இருந்தது, எழுதியவரே எடுத்தார் என்று ஒரு வரி நிற்கட்டும். தலைப்பும் பெயரும்கூட வேண்டாம், எண்ணும் தேதியும் போதும். சிவப்புக் கோடு போட்ட அந்த ஒரு வரியைத்தான் நான் கேட்கிறேன்.

இந்தக் கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். 1967இல் ஸ்டார் ட்ரெக் என்கிற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் கைப்பணம் போட்டு, நகல் இயந்திரத்தில் உருட்டி எடுத்து, தபாலில் அனுப்பிய இதழ்களையும் அன்றைக்கு யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் காலத்து ரசிகர் இதழ்கள் இன்று பல்கலைக்கழக நூலகங்களில் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன, ஆராய்ச்சியாளர்கள் வந்து படிக்கிறார்கள். காகிதம் என்பதால் பிழைத்தது. இணையத்தில் எழுதியதில் எவ்வளவோ காகிதம் இல்லை என்பதால் போயிற்று. எது தேறும், எது தேறாது என்று அன்றைக்கே சொல்ல எனக்கு 27 வருட வேலையிலும் வரவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தத் தளங்களைப் பற்றி எழுதும்போது கதைத் தளம் என்றே எழுதுங்கள். காப்பகம் என்று போட்டால், உங்கள் பத்திரிகையை நம்பி ஒரு பெண்ணோ பையனோ தன் கையிலிருக்கும் ஒரே பிரதியை அங்கே ஏற்றிவிட்டு, வீட்டில் இருப்பதை அழித்துவிடக்கூடும். எழுதுகிறவர்கள் தங்கள் கதையையும் அதற்கு வந்த பின்னூட்டங்களையும் தாங்களே ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஓய்வுக்குப் பிறகு பழக்கம் விடவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றில், படித்துக் காணாமல் போன கதைகளுக்குப் பதிவு வைத்திருக்கிறேன். எண், புனைபெயர், அத்தியாயம், கடைசியாகப் பார்த்த தேதி, காரணம். தட்டச்சுப் பெண்ணின் கதை அதில் 9ஆம் எண். 38க்கு 31 கையில் உள்ளது, யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த எட்டுப் பின்னூட்டங்களில் எனக்கு நினைவிருந்ததை அடுத்த பக்கத்தில் என் சொற்களில் எழுதி, இது நினைவிலிருந்து எழுதியது, மூலம் இல்லை என்றும் குறித்திருக்கிறேன். காரணம் என்கிற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகப் பணியாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)